பங்கிடப்பட்ட குழந்தை

ஒரே குழந்தைக்கு உரிமை கோரி இரு பெண்கள் மன்னர் சாலமோன் முன் நின்ற நிகழ்ச்சியை நாம் நன்கறிவோம். அங்கு வாள் ஓங்கப்பட்டது, ஆனால் இறங்கவில்லை. குழந்தை பிழைத்தால் போதுமென விட்டுக்கொடுத்தவளே தாய் எனத் தீர்ப்பாயிற்று. அந்த வாள் இறங்கியிருந்தால்? 1897-இல் வெளிவந்த, ஹென்றி ஜேம்ஸ் எழுதிய 'வாட் மெய்சி நியூ' என்னும் ஆங்கில நாவல் இவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

இலண்டனில் பீல் ஃபாரஞ்ச், ஐடா என்னும் தம்பதியர் கசப்பு மிகுந்த வழக்கிற்குப்பின் மணமுறிவு பெறுகின்றனர். மகள் மெய்சி தந்தைக்கே என்பது தீர்ப்பு. ஆயினும் மகளின் பராமரிப்புக்கென ஐடா தந்திருந்த 2,600 பவுண்டுக்கு அவரால் கணக்குத் தீர்க்க இயலவில்லை. எனவே ஆறு மாதம் தந்தையிடம், ஆறு மாதம் தாயிடம் எனச் சமரசம் பிறக்கிறது. கணக்கு நேரானது, ஆனால் அது பெற்றோர் இருவருக்கிடையே வழங்கப்பட்ட நீதி. குழந்தைக்கு எது நலம் என்று எவரும் கேட்கவில்லை.

தந்தை சொல்லியனுப்பும் வசைமொழியைப் பொருள் புரியாமலே தாயிடம் ஒப்பிக்கிறாள் சிறுமி. தாயும் அவ்வாறே அவளைப் பயன்படுத்துகிறாள். தான் தூதாக்கப்படுவதை உணர்ந்த நாளில் மெய்சி ஒரு முடிவுக்கு வருகிறாள்: இனி எதையும் சொல்வதில்லை, எதுவும் நினைவில்லாதவள்போல் இருந்துவிடுவது. பெற்றோர் அவளை மந்தபுத்தியுள்ளவள் என்கின்றனர். உண்மையில் அம்மௌனமே அவளது முதல் அறிவு. நாவலின் மிக உயர்ந்த இடம் இதுவே. பின்னர், அவளுக்காகப் போராடிய இருவருமே அவளை மற்றவர் தலையில் கட்டிவிட முயல்கின்றனர்.

குறையொன்றும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் இருவரையும் அன்பற்றவர்களாகவே ஆசிரியர் தீட்டிவிட்டார். 'நாம் இத்தகையோர் அல்லர்' என்று வாசகர் எளிதில் தப்பித்துக்கொள்ளலாம். பிள்ளைமீது உண்மையான பாசம் கொண்டவர்களும் வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் கடுமையாக வழக்காடுகின்றனர் அன்றோ? பாசமே வாளாக மாறும் அந்தத் துயரம் இந்நாவலுக்குள் வரவில்லை.

ஆயினும் முடிவு நம்மை உலுக்குகிறது. பிரான்சின் பூலோன் துறைமுக நகரில், மாற்றாந்தந்தை சர் கிளாடு அவளைத் தம்முடன் வருமாறு அழைக்கிறார். அதற்காக, தன்னை நேசிக்கும் முதிய ஆசிரியை திருமதி விக்சை அவள் கைவிட வேண்டும். தாம் விரும்பும் பெண்ணை அவர் துறப்பாரானால் தானும் துறக்க ஆயத்தம் என்கிறாள் மெய்சி. அவரால் இயலவில்லை. அவள் ஆசிரியையுடன் கப்பலேறுகிறாள்.

சாலமோன் முன் விட்டுக்கொடுத்தவள் தாய். இங்கே விட்டுக்கொடுக்க முன்வருபவளோ குழந்தை. பிரிந்த பெற்றோர் நாள்களையும் மாதங்களையும் பங்கிடத்தான் வேண்டும். அதற்கு நீதிமன்றமும் தேவைப்படலாம். ஆனால் 'எனக்கு எத்தனை நாள்?' என்று கேட்குமுன், 'இவளுக்காக நான் எதைத் துறப்பேன்?' என்று கேட்கும் துணிவு நமக்கு உண்டா?