கோவூர்கிழார் பாடல்களில் போரறமும் குடிக்கடமையும்

புறநானூற்றில் போரைத் தடுக்க முயன்ற புலவர் என்றவுடன் கோவூர்கிழாரே நம் நினைவுக்கு வருகிறார். சோழர் குடியினரான நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே மூண்ட பூசலில் அவர் பாடிய 45ஆம் பாடல், ஒற்றுமைக்குச் சான்றாகப் பலகாலும் எடுத்துக்காட்டப்பெறுகிறது. ஆயின், அவர் போரை எந்த அடிப்படையில் மறுக்கிறார் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்பெறவில்லை. அவரே 31, 33 முதலிய பாடல்களில் நலங்கிள்ளியின் வெற்றியைப் போற்றியவர். போரையே முற்றாக வெறுத்தவர் அல்லர். எனவே, அடுத்தடுத்து அமைந்துள்ள 44 முதல் 47 வரையிலான அவருடைய நான்கு பாடல்களையும் இணைத்து நோக்குவது இன்றியமையாததாகிறது. இப்பாடல்களின் சூழல்களைக் கொளுக்கள் வழியாகவே அறிகிறோம். அவை பிற்காலத்தார் சேர்த்தவை எனக் கருதப்படுவதால், பாடல்களின் கூற்றுகளையே இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்கிறோம்.

45ஆம் பாடலின் வாதம் குடியடையாளத்தை மையமாகக் கொண்டது. எதிரெதிரே நிற்கும் இருவரும் சூடியிருப்பது சேரரின் பனையுமன்று, பாண்டியரின் வேம்புமன்று. இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்கிறார் புலவர். மகனைக் களத்திற்கு அனுப்பும் தாயைக் காட்டும் ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடலில் குடிப்பெருமை போருக்குத் தூண்டுகோலாகிறது. இங்கோ அதே குடிப்பெருமை போருக்குத் தடையாகிறது. இம்மாற்றம் வியக்கத்தக்கது. எனினும், இவ்வாதத்திற்கு ஓர் எல்லை உண்டு. எதிரே நிற்பவன் வேம்பு சூடியவனாக இருந்திருப்பின் இக்காரணம் செல்லாது. உறவினரைக் கொல்லலாகாது என்பது உயர்ந்த நெறியே. ஆனால் அது போரறம் முழுமையும் ஆகாது.

இக்குறையை 44ஆம் பாடல் நிறைவு செய்கிறது. நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறான். பசித்த யானைகள் முழங்குகின்றன. பாலின்றிக் குழவிகள் அலறுகின்றன. மகளிர் பூவற்ற தலையை முடிக்கின்றனர். வீடுகளில் நீரின்றி எழும் துயரக்குரல் கேட்கிறது. அறவழி நிற்பாயெனின் கதவைத் திறந்து ஊரை ஒப்படை. மறவனெனின் திறந்து போரிடு. இரண்டுமின்றி உள்ளே ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்பதே புலவர் கூற்று. இங்கு ஆத்திக் கண்ணி பேசப்படவில்லை. தன் முடிவின் விலையைத் தான் செலுத்தாமல் ஊர்மக்களைச் செலுத்தவைக்கும் வேந்தனின் தகுதியே வினாவுக்குள்ளாகிறது. போரிடும் உரிமையைப் புலவர் மறுக்கவில்லை. பிறர் துன்பத்தின் பின்னே மறையும் உரிமையை மறுக்கிறார்.

46ஆம் பாடலில் யானைக்காலில் இடறப்படவிருந்தவர்கள் பகைவனான மலையமானின் மக்கள். அவர்கள் சோழர் உறவினர் அல்லர் என்பதால் 45ஆம் பாடலின் வாதம் பயன்படாது. ஆகவே, புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் என்று கிள்ளிவளவனுக்கு அவனுடைய மரபையே நினைவூட்டுகிறார். புலவர் வறுமைக்கு அஞ்சிப் பகுத்துண்டோர் வழியினர் எனச் சிறுவர்களின் மரபையும் அருகே வைக்கிறார். யானையைக் கண்டு அழுகை மறந்த அச்சிறார், தம்மைச் சூழ்ந்த மன்றத்தைக் கண்டு மருளும் காட்சியே எஞ்சிய வாதமாகிறது. 47ஆம் பாடலிலும் ஒற்றன் என ஐயுறப்பட்ட இளந்தத்தனுக்காக, பரிசிலர் எவருக்கும் தீங்கு செய்யாது வாழ்பவர் என்னும் தொழிலறத்தையே முன்வைக்கிறார்.

இந்நான்கையும் ஒருசேர நோக்குங்கால், கோவூர்கிழாரிடம் சமூக அடையாளம் என்பது உரிமைகளின் பட்டியலாக அன்றி, கடன்களின் பட்டியலாகவே விளங்குகிறது எனத் துணியலாம். குலப்பெயர் கொல்வதற்கு உரிமை தருவதன்று. காக்கவேண்டியவர் யாரென நினைவூட்டுவது. ஆதலின், வகுப்பறையில் 45ஆம் பாடலைத் தனித்துக் கற்பித்தல் போதாது. அது நம்மவரோடு போரிடாதே என்னும் பாடமாகச் சுருங்கிவிடக்கூடும். அதன் மறுதலையாக, பிறரோடு போரிடலாம் என்பதையும் மாணவர் தாமே வருவித்துக்கொள்வர். ஆவூர்க் குழவிகளின் அலறலையும் மலையமான் சிறுவர்களின் மருட்சியையும் உடன்வைத்துப் பயிற்றும்போதே அப்பாடலின் அறம் முழுமை பெறும்.