‘ஆடு ஜீவிதம்’: வாராத பணத்தின் கதை

மலையாள எழுத்தாளர் பென்யாமின் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆடு ஜீவிதம்’ என்னும் நாவல் தமிழிலும் வந்திருக்கின்றது; 2024-இல் சினிமாவாகவும் வெளிவந்தது. பாலைவனக் கொடுமையை வாசித்துக் கண்ணீர் விட்டவர் பலர். நாம் இங்கு ஆராயப் புகுவது அக்கதையில் ஊருக்கு வந்து சேராத பணத்தை.

ஆற்றில் மணல் வாரிப் பிழைத்த நஜீப், கடன்பட்டு விசா பெற்றுச் சவூதி அரேபியாவுக்குப் புறப்படுகின்றான். அவன் விரும்பியது யாது? சில்லறைக் கடன்களைத் தீர்த்தல், வீட்டுக்கு ஓர் அறை கூட்டுதல், பிறகு வளைகுடாவிலிருந்து திரும்புவோரிடம் காணும் கடிகாரம், சங்கிலி முதலியன. நிலமோ தொழிலோ அவன் கனவில் இல்லை. ஆசிரியர் இதை இடித்துரையாமல், எல்லாருக்கும் உள்ள ஆசைதானே என்பதுபோலக் கடந்து செல்கின்றார். இந்த அடக்கம் மிகச் சிறந்ததென்பது நமது அபிப்பிராயம். கூலி காணாது ஆட்டுப்பட்டியில் அடைபட்டவன் ஆடுகளுக்கு ஊரார் பெயரை இடுகின்றான். பிறந்த குட்டியொன்றுக்குத் தன் மகனுக்கென எண்ணியிருந்த நபீல் என்னும் பெயரையே சூட்டுகின்றான். மனைவி சைனுவுக்கோ, சுகமாயிருப்பதாக மனத்திலேயே கடிதம் வரைகின்றான். ரப்பர்த் தோட்டத்திலிருந்து மணியார்டர் அனுப்பிய நம் முன்னோர் மட்டும் பால்மரத்தடியின் மெய்யை முழுதும் எழுதியிருப்பார்களா? அத்தகைய கடிதங்களும் அடுத்த கப்பலுக்கு ஆள் சேர்த்திருக்கும்.

ஆயினும் குறையொன்றுண்டு. கடன் கொடுத்தவன் என் செய்தான், சைனுவின் வீட்டில் அடுப்பெரிந்ததா என்பதற்கு நூலில் விடையில்லை. நஜீபே கதை சொல்வதால் அவ்வாறு என்பர், ஒப்புகின்றோம். எனினும் பணத்தின் மறுபாதிக் கதை ஊரிலல்லவா நடக்கின்றது!

கேரளக் குடிபெயர்வுக் கணக்கெடுப்பின்படி 1998-இல் வெளிநாட்டிலிருந்த கேரளர் ஏறக்குறைய 13.6 லட்சம், 2023-இல் 22 லட்சம். அவ்வாண்டில் ஊர் வந்த பணம் ஏறக்குறைய 2.17 லட்சம் கோடி ரூபாய். வீடுகள் எழும்பின, பிள்ளைகள் கற்றனர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கற்றவர்க்கேற்ற வேலை ஊரில் போதவில்லை. பணம் பெருகியும் புறப்பாடு நிற்கவில்லை. 2018-இல் 1.3 லட்சமாயிருந்த வெளிநாட்டு மாணவர் தொகை 2023-இல் சுமார் 2.5 லட்சமாயிற்று. இவர்கள் கட்டணத்துக்காக ஊர்ப்பணத்தை வெளியே கொண்டு செல்பவர்கள்.

2011 மக்கட்கணக்கில் கேரளத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. எல்லாம் வளைகுடாப் பணத்தில் எழுந்தவை என்று சொல்லோம். அவற்றுள் ஒன்றின் கதையை யாரேனும் எழுதுவாராயின் ஆவலுடன் வாசிப்போம். அதுவரையில், இந்நாவலைத் தோட்டத்து வாசகசாலைகள் வாங்கி வைக்கலாம்.