பல்வரிசையில் பூசும் கிரீஸ்

1990-இல் வந்த ஹோண்டா எஸ்டி1100, ஐரோப்பாவில் பான் யூரோப்பியன் என்று அறியப்பட்ட நெடுந்தூர வண்டி. 1,084 சிசி வி-4 எஞ்சின், 28 லிட்டர் டேங்க், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். செயின் இல்லாததால் பராமரிப்பே வேண்டாம் என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து. பின்சக்கரம் ஷாஃப்ட்டின் கியர்பெட்டியோடு கோத்துக்கொள்ளும் பல்வரிசையில் கிரீஸ் வறண்டால், பற்கள் சத்தமில்லாமல் தேயும். தெரியவரும்போது விலை பெரிது. பின்டயர் மாற்றும்போதெல்லாம் பழையதைத் துடைத்து மாலிப்டினம் பசை பூசினால் போதும். யார் கண்ணுக்கும் படாத இந்த வேலையைத்தான் நான் கைத்திறன் என்பேன்.

வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கும் இதே அளவுகோல்தான்: கண்ணுக்குத் தெரிவதல்ல, தேவையே முக்கியம். ஆரம்பகால வண்டிகளின் 28 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் நலிந்த உறுப்பு. 1990-களின் நடுவில் ஹோண்டாவே 40 ஆம்பியருக்கு மாறியது. பழைய வண்டியில் அதைப் பொருத்துவது தேவைக்கான பதில். உறுமும் சைலன்சர் அப்படியல்ல (அண்டை வீட்டாரைக் கேளுங்கள்). பழைய வண்டிக்கு ஆகும் செலவுக்குப் புதிய வண்டியே வாங்கலாமே, பிரேக்காவது பாதுகாப்பாக இருக்குமே என்பார்கள். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி விஷயத்தில் அது நியாயம்; அதில் போடும் புது பிரேக் ஹோஸும் புது பிரேக் ஆயிலும் ஏபிஎஸ் ஆகிவிடாது. ஆனால், இருக்கிற பிரேக் முழுத்திறனோடு பிடிக்க அவை வேண்டும். புதிய வண்டியிலும் அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.