வகுப்பறையின் இரண்டாம் ஆசிரியர்: ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அமெரிக்கர்களின் எழுத்துகள்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற அமெரிக்கர்கள் தம் அன்றாட வாழ்வைக் குறித்து எழுதிய நூல்கள் பெரும்பாலும் பயண இலக்கியமாகவே வாசிக்கப்படுகின்றன. அவ்வாசிப்பில் எழுதுபவரின் வியப்பும் தனிமையும் முன்னிற்கின்றன. அவரோடு ஒரே வகுப்பில் நின்ற ஜப்பானிய ஆங்கில ஆசிரியர் பின்னுக்குப் போய்விடுகிறார். லஃப்காடியோ ஹெர்ன், புரூஸ் ஃபைலர், மலேனா வாட்ரஸ் ஆகியோரின் நூல்களை நட்சுமே சோசெக்கி, கொஜிமா நொபுவோ ஆகியோரின் புனைவுகளோடு சேர்த்து வைத்து, அந்த இரண்டாம் ஆசிரியர் எழுதப்பட்டுள்ள முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பயண இலக்கியம், கூற்று, ஆங்கிலக் கல்வி, ஜப்பான், ஆசிரியர் அறை

முன்னுரை

1987ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு 'ஜெட்' எனச் சுருக்கமாக வழங்கப்படும் திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து 848 பேர் அதன்வழி ஜப்பான் சென்றனர். அமெரிக்காவுடனான வணிகப் பூசல் முற்றியிருந்த காலம் அது. 'பன்னாட்டுமயமாதல்' என்னும் சொல் ஜப்பானிய அரசியலில் அடிக்கடி ஒலித்த காலமும் அதுவே. ஆகவே இத்திட்டத்தில் கல்வி நோக்கத்தோடு அரசியல் நல்லெண்ணமும் கலந்திருந்தது. செல்பவருக்கு ஓர் இளநிலைப் பட்டம் போதும். ஆசிரியப் பயிற்சியோ ஜப்பானிய மொழியறிவோ கட்டாயமில்லை. ஒப்பந்தம் ஓராண்டுக்கு, பின் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இவ்வாறு செல்வோரில் மிகப் பெரும்பாலோர் வகிக்கும் பதவியின் பெயர் 'துணை மொழி ஆசிரியர்'. பாடத்துக்கும் தேர்வுக்கும் பொறுப்பானவர் ஜப்பானிய ஆசிரியரே. அமெரிக்கர் அவருக்குத் துணையாக நின்று ஒலிப்பைக் காட்டுவார்; உரையாடலை நடத்துவார். 'மனித ஒலிநாடா' ஆக்கப்பட்டோம் என்பது இப்பணியில் இருந்தோர் வழக்கமாகச் சொல்லும் குறை. ஆனால் இவர்கள் எழுதிய நூல்களில் இந்த உறவு தலைகீழாகிவிடுகிறது. பள்ளியில் துணைவராக இருந்தவர் நூலில் தலைவராகிறார். பாடத்தை நடத்தியவர் துணைப்பாத்திரமாகிறார்.

தன் வரலாறு சொல்பவர் தம்மையே நடுவில் வைப்பது இயல்புதானே என்று கேட்கலாம். இயல்புதான். கேள்வி, நடுவில் நிற்பவர் யார் என்பதன்று. பக்கத்தில் நிற்பவருக்குக் கூற்று உண்டா என்பது. அகப்பாடல் மரபில் பாங்கனுக்குப் பெயர் இல்லை, கூற்று உண்டு. அமெரிக்க ஆசிரியரின் நூல்களில் ஜப்பானிய ஆசிரியருக்குப் பெரும்பாலும் பெயர் உண்டு, கூற்று இல்லை.

எந்த ஆசிரியரின் நாட்குறிப்பு?

மெய்ஜி காலத்தில் ஜப்பான் அயல்நாட்டு ஆசிரியர்களை ஊதியம் கொடுத்து வரவழைத்தது. 1871இல் ஃபுக்குயி நகருக்கு அறிவியல் கற்பிக்கச் சென்ற வில்லியம் எலியட் கிரிஃபிஸ் 1876இல் வெளியிட்ட 'தி மிக்காடோஸ் எம்பயர்' இவ்வகை எழுத்தின் முன்னோடிகளுள் ஒன்று. எனினும் பள்ளி வாழ்வை இலக்கியமாக்கியவர் லஃப்காடியோ ஹெர்னே. கிரேக்கத் தீவொன்றில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்த அவர் குடியுரிமையால் அமெரிக்கர் அல்லர்; ஆனால் 1869 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சின்சினாட்டி, நியூ ஆர்லியன்ஸ் நகரங்களின் இதழியலில் உருவான எழுத்து அவருடையது. ஓர் அமெரிக்க இதழுக்காக 1890இல் ஜப்பான் சென்றவர், அவ்விதழோடு முரண்பட்டுப் பிரிந்து, அதே ஆண்டு மாட்சுவே நகரின் நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். 1894இல் வெளிவந்த 'கிளிம்ப்சஸ் ஆஃப் அன்ஃபமிலியர் ஜப்பான்' நூலில் இடம்பெறும் 'ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பிலிருந்து' என்ற நெடும்பகுதி அந்த ஓராண்டின் விளைவு.

மாணவர்களைப் பற்றி எழுதும்போது ஹெர்னின் பார்வை கூர்மையாகவும் கனிவாகவும் உள்ளது. அவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளை அவர் கேலிக்கு உரியனவாக எடுத்துக்காட்டவில்லை. ஒரே பொருளில் பலர் எழுதுவன கருத்தால் ஒத்திருப்பதைக் கண்டு, அதைக் குறையாகக் கொள்ளாமல் வேறொரு அழகியலின் அடையாளமாகக் காண்கிறார். நோயுற்று இறக்கும் நிலையில் இருந்த மாணவன் பள்ளியை ஒருமுறை காண விரும்ப, வீட்டுப் பணியாள் இரவில் அவனைச் சுமந்துசென்று காட்டும் இடம் இவ்வகை எழுத்து முழுவதிலும் தனித்து நிற்பது. பிற்கால நூல்கள் எதுவும் இந்த உயரத்தை எட்டவில்லை.

ஆனால் அந்நூலில் இன்னோர் ஆங்கில ஆசிரியர் இருக்கிறார். பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்த நிஷிதா செந்தாரோ முதல் நாளே ஹெர்னை ஆளுநரிடம் அழைத்துச் செல்கிறார்; பேசப்படுவதை மொழிபெயர்க்கிறார்; நகரை அறிமுகப்படுத்துகிறார். ஜப்பானிய மொழியில் தேர்ச்சியற்ற ஹெர்னுக்கு மாட்சுவே நகரம் பொருள்பட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஹெர்ன் நன்றி மறந்தவர் அல்லர். 1895இல் வெளிவந்த 'அவுட் ஆஃப் தி ஈஸ்ட்' நூலை நிஷிதாவுக்கே படைத்தார். எனினும் காணிக்கை வேறு, கூற்று வேறு. நாட்குறிப்புப் பகுதியில் நிஷிதா எப்போதும் உதவுகிறார். தம் பணியை, தம் பள்ளியை, இந்த விருந்தினரை எப்படிப் பார்த்தார் என்பது அதில் இல்லை. காசநோயால் 1897இல் இளவயதிலேயே இறந்த நிஷிதாவும் நாட்குறிப்பு எழுதியவர். அது பின்னர் அச்சாகி, ஹெர்ன் ஆய்வாளர்களுக்குச் சான்றாதாரமாகப் பயன்படுகிறது. சான்றாதாரமாக மட்டுமே பயன்படுகிறது என்பதுதான் வருந்தத்தக்கது. மாட்சுவேயில் இரண்டு ஆங்கில ஆசிரியர்கள் நாட்குறிப்பு எழுதியிருக்க, ஒன்று இலக்கியமாகவும் மற்றொன்று அதன் அடிக்குறிப்பாகவும் நிலைபெற்றன.

விளக்குவதன் விலை

ஜெட் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் தொச்சிகி மாவட்டத்தின் சானோ நகரில் பணியாற்றிய புரூஸ் ஃபைலர் 1991இல் 'லேர்னிங் டு பௌ' (தலைவணங்கக் கற்றல்) நூலை வெளியிட்டார். புதிய சக ஊழியர்களோடு வெந்நீர்க் குளியலுக்குச் செல்லும் நகைச்சுவைக் காட்சியோடு நூல் தொடங்குகிறது. மாணவர்களே வகுப்பறையைத் துப்புரவு செய்வது, நுழைவுத் தேர்வின் அழுத்தம், பள்ளிச் சீருடை எனப் பள்ளி வாழ்வின் பல கூறுகள் இதில் பதிவாகியுள்ளன. ஃபைலர் ஜப்பானிய மொழி அறிந்தவர். சக ஆசிரியர்களின் பேச்சை நேரடியாகக் கேட்கக்கூடியவர்.

அப்படியிருந்தும் நூலில் நிகழ்ச்சி முடிந்தவுடன் விளக்கம் தொடங்கிவிடுகிறது. ஓர் ஆசிரியர் ஏதேனும் செய்தால், அது ஜப்பானியக் கல்வியின் இன்ன பண்பைக் காட்டுகிறது என்று பொதுமைப்படுத்தப்படுகிறது. இதற்குக் காலமும் ஒரு காரணம். 1983இல் வெளியான 'எ நேஷன் அட் ரிஸ்க்' அறிக்கைக்குப் பின் அமெரிக்கர் தம் பள்ளிகளைப் பற்றிக் கவலை கொண்டிருந்தனர். ஜப்பானின் பொருளாதார வெற்றிக்கு விடை அதன் வகுப்பறையில் இருக்கும் என்று நம்பினர். ஃபைலர் அந்த வாசகருக்கு எழுதினார். நூல் தெளிவாகவும் சுவையாகவும் உள்ளது. ஆனால் அதில் வரும் சக ஆசிரியர்கள் மனிதர்களாக நிலைப்பதற்கு முன்பே எடுத்துக்காட்டுகளாகி விடுகிறார்கள்.

இதே திட்டத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மெக்கானெல் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'இம்போர்ட்டிங் டைவர்சிட்டி' நூலில் அமைச்சகங்கள், மாவட்டக் கல்வி வாரியங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் தரப்பும் இடம்பெறுகிறது. அயலவரின் வருகை ஜப்பானிய ஆசிரியர்க்குக் கூடுதல் சுமையாகவும் சங்கடமாகவும் அமைந்ததை அங்குக் காணலாம். குடியிருப்பு, வங்கிக் கணக்கு, மருத்துவமனை என்று புதியவரின் ஒவ்வொரு தேவைக்கும் உடன் செல்பவர் பொறுப்பாசிரியரே. மாணவர் முன்னிலையில் தம் ஆங்கிலப் பேச்சு சோதனைக்குள்ளாவதைத் தாங்க வேண்டியவரும் அவரே. இரண்டாம் ஆசிரியருக்குக் கூற்று அளிப்பதில் சமூக அறிவியல் இங்கு நினைவுக்குறிப்பு இலக்கியத்தை முந்திக்கொண்டது.

கண்காணிக்கப்படுதல்

ஜப்பானிய ஊர்ப்புறத்தில் தாம் இடையறாது பார்க்கப்படுவதைப் பற்றி எழுதாத அமெரிக்க ஆசிரியர் அரிது. கடையில் வாங்கியது என்ன, மாலையில் யாருடன் நடந்தார் என்பன மறுநாள் வகுப்பில் பேச்சாகும். இதை அவர்கள் தம் அயன்மையின் விளைவாகவே கொள்கின்றனர். இம்முடிவை ஏற்குமுன் 1906இல் வெளிவந்த நட்சுமே சோசெக்கியின் 'போட்சான்' நாவலைப் படிக்க வேண்டும். டோக்கியோவிலிருந்து ஷிகோக்குவின் சிற்றூர்ப் பள்ளிக்குக் கணிதம் கற்பிக்கச் செல்லும் இளைஞனே அதன் கதைசொல்லி. அவன் கடையில் நூடுல்ஸ் உண்டது மறுநாள் கரும்பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. வெந்நீர்க் குளியல் தொட்டியில் நீந்தினால் அதுவும் பள்ளிக்குத் தெரிந்துவிடுகிறது. ஃபைலரின் குளியல் காட்சியில் வேடிக்கைக்குரியவர் அயலவர். சோசெக்கியின் குளியல் காட்சியில் வேடிக்கைக்குரியவன் ஜப்பானியனே. சிற்றூர்ப் பள்ளி புதிதாக வரும் எவரையும் இப்படித்தான் அளக்கும். அமெரிக்க எழுத்தாளர்கள் பண்பாட்டு வேறுபாடு என்று பெயரிட்டவற்றுள் ஒரு பகுதி, ஊருக்கும் வெளியாளுக்கும் இடையிலான பழைய உறவே.

சோசெக்கியின் சொந்த வரலாறும் இங்குப் பொருட்படுத்தத்தக்கது. 1895இல் மட்சுயாமா பள்ளியில் அவர் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தது அங்கிருந்த அமெரிக்கர் ஒருவரின் இடத்தில். 1903இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கியது ஹெர்ன் விலகிய இடத்தில். இருமுறையும் அயலவரின் நாற்காலியில் அமர்ந்தவர் படைத்த நாவலில், ஆங்கில ஆசிரியர் கோகா அதிகம் பேசாத மனிதர். மணம் பேசிய பெண்ணை இழந்து, தொலைவூருக்கு மாற்றப்பட்டு, முறையிடாமல் போய்விடுகிறார். அந்த மௌனத்தைக் கதைசொல்லி மதிக்கிறான். அமெரிக்க நினைவுக்குறிப்புகள் ஆசிரியர் அறையின் இத்தகைய மௌனத்தைப் பெரும்பாலும் விலக்கமாகவே பொருள்கொண்டன.

குப்பையும் கடிதமும்

மலேனா வாட்ரஸின் 'இஃப் யூ ஃபாலோ மீ' (2010) நாவல் இந்த வரிசையில் ஒரு திருப்பம். தாமும் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த வாட்ரஸ், நோட்டோ தீபகற்பத்தில் அணுமின் நிலையம் அமைந்த ஷிகா என்ற ஊரைக் களமாகக் கொள்கிறார். தந்தையைத் தற்கொலையில் இழந்த மரீனா தன் காதலி கரோலினுடன் அங்கு வருகிறாள். அவளுக்குத் தொல்லை தருவது வகுப்பறையைவிடக் குப்பை. எரியக்கூடியது, எரியாதது, இன்ன நாளில் இன்னது என்னும் விதிகளை அவள் மீறும்போதெல்லாம் பொறுப்பாசிரியர் மியோஷி ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார்.

இக்கடிதங்களே நாவலின் சிறப்பு. வகுப்பில் மரீனாவின் வாய்மொழியே ஆங்கிலத்துக்கு அளவுகோல். அங்கு மியோஷி திருத்தப்படக்கூடியவர். வீதியில் மரீனாவின் அன்றாடப் பழக்கத்தை மியோஷி திருத்துகிறார். அதை அவளுடைய மொழியிலேயே செய்ய வேண்டியிருக்கிறது. அண்டை வீட்டாரின் முறையீட்டைச் சுமந்து, கடுமை தோன்றாமல் சொல்ல முயலும் அவருடைய வாக்கியங்களில் பணிச்சுமையும் கூச்சமும், மெல்லத் தம் துயரும் வெளிப்படுகின்றன. இங்கு இரண்டாம் ஆசிரியருக்குக் கூற்று கிடைத்துவிட்டது.

அக்கூற்று பிழைபட்ட ஆங்கிலத்தில் அமைந்து, அப்பிழை நகைச்சுவைக்கும் பயன்படுவது நாவலின் குறை. தொடக்கக் கடிதங்களில் வாசகர் மியோஷியோடு சேர்ந்து சிரிப்பதில்லை, அவரைப் பார்த்துச் சிரிக்கிறார். நாவல் செல்லச் செல்ல அச்சிரிப்பு குன்றுகிறது என்பதால் வாட்ரஸ் இதை உணர்ந்தே செய்தார் என வாதிடலாம். ஆனால் ஜப்பானிய மொழியில் மியோஷி எத்தகைய சொல்வளம் உடையவர் என்பது நாவலுக்குள் வர வழியே இல்லை. மரீனாவின் செவி எட்டும் தொலைவே நாவலின் எல்லை.

காலணி

அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதைக் கொஜிமா நொபுவோவின் 'அமெரிக்கப் பள்ளி' என்னும் சிறுகதை காட்டுகிறது. 1954இல் வெளிவந்து அகுதாகவா பரிசு பெற்ற இக்கதையில், போருக்குப் பிந்தைய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானிய ஆங்கில ஆசிரியர் குழுவொன்று அமெரிக்கப் பிள்ளைகளின் பள்ளியைப் பார்வையிட நடந்தே செல்கிறது. அவர்களுள் யமதா தம் ஆங்கிலத் திறனைக் காட்டத் துடிப்பவர். இசாவோ ஆங்கிலம் பேசுவதற்கே அஞ்சுபவர். அந்த மொழியைப் பேசினால் தாம் வேறொருவராகிவிடுவோம் என்பது அவர் கலக்கம். கடன் வாங்கி அணிந்த தோல்காலணி அவர் கால்களைப் புண்ணாக்குகிறது. அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கிறார்.

அமெரிக்க ஆசிரியர்களின் நூல்களிலும் காலணி உண்டு. பள்ளி வாயிலில் அதைக் கழற்றி உட்காலணிக்கு மாறுவது அவர்கள் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. மறந்து நடந்துவிடுவது வாடிக்கையான நகைச்சுவை. இசாவின் காலணியில் அந்த எளிமை இல்லை. தம் அளவுக்குப் பொருந்தாத ஒன்றைப் பணியின் பொருட்டு அணிந்தவரின் வலி அது. கற்பிக்க வேண்டிய மொழியையே பேச அஞ்சுவது அவருடைய திறமைக் குறைவு என்று கதை தீர்ப்பளிப்பதில்லை; தோல்வியுற்ற நாட்டில் வெற்றியாளரின் மொழியைப் பிழைப்பாகக் கொண்டவரின் நிலை என்று காட்டுகிறது.

1987இல் புதிய அமெரிக்கத் துணை ஆசிரியர் சென்றமர்ந்த ஆசிரியர் அறையில், அவரோடு பேசாமல் விடைத்தாள்களில் தலைகுனிந்திருந்த 50 வயது ஆங்கில ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். போர் முடிந்தபோது அவருக்கு 8 வயது. அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள் இசாவின் தலைமுறையினர்.