தலைச்சொல்லுக்குப் பிறந்த தடித்த எழுத்து

அச்சில் தடித்த எழுத்து முதலில் வந்தது கூவி விற்பதற்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ராபர்ட் தோர்ன் வார்த்த கொழுத்த எழுத்துகள் லாட்டரிச் சுவரொட்டிகளையும் நாடக நோட்டீசுகளையும் நிறைத்தன. தண்டு தூண்போல் பருத்திருக்கும். முனையில் நீளும் செரிஃப் மயிரிழைதான். 1820-இல் தோர்ன் காலமானபின் அவருடைய எழுத்து வார்ப்பகத்தை வாங்கியவர் வில்லியம் தோரோகுட். லாட்டரியில் விழுந்த பணத்தில் வாங்கினார் என்பார்கள். பொருத்தம்தான்!

வின்சென்ட் ஃபிக்கின்ஸ் வேறு வழியில் போனார். செரிஃபையும் தண்டளவு பருமனாக்கி, செங்கல் வைத்தாற்போல் சதுரமாக நிறுத்தினார். எகிப்தியன் என்ற பெயர் ஒட்டிக்கொண்ட இந்த மரபில் பலம் உண்டு, நளினம் குறைவு.

இரண்டுமே தலைப்புக்கு உரியவை. பத்திக்குள் ஒரு சொல்லை மட்டும் அழுத்திக் காட்ட இவற்றைச் செருகினால், பக்கத்துச் சொற்களோடு ஒட்டாமல் வரியே கெட்டுவிடும். அந்தக் குறையைத் தீர்க்க வந்தது கிளாரண்டன். தோர்னிடமிருந்து கைமாறிய அதே ஃபேன் தெரு வார்ப்பகத்திலிருந்து 1845-இல் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டார். அச்சு வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அகராதியில் தலைச்சொல் கறுப்பாகவும் விளக்கம் மெலிதாகவும் ஒரே வரியில் சண்டையில்லாமல் நிற்க முடிந்தது.

சூட்சுமம் தண்டும் செரிஃபும் கூடும் இடத்தில் இருக்கிறது. அங்கே முனை மடங்காது. மரக்கிளை அடிமரத்தில் சேர்வதுபோல் வளைந்து இறங்கும். ஆங்கிலச் சின்ன 'ஏ'யின் தலையில் ஒரு மைத்துளி உருண்டு நிற்கும். பெரிய 'ஆர்' எழுத்தின் கால் தரையைத் தொட்டு மேலே சுருளும். பருமன் கூடியும் உள்வெளி அடைபடாது. தமிழில் 'ண'வைக் கண்மூடித்தனமாகத் தடிக்கவைத்துச் சுழிகளை மையால் அடைத்துவிடுகிறோமே, அந்த விபத்து இங்கே இல்லை.

பெஸ்லி கிளாரண்டனைச் சட்டப்படி பதிவு செய்தார். காப்பு மூன்றே ஆண்டு. அது முடிந்ததும் எல்லா வார்ப்பகங்களும் நகலெடுத்தன. அமெரிக்காவில் 1827-இல் டேரியஸ் வெல்ஸ் தொடங்கி வைத்த இயந்திர மரஎழுத்துத் தொழில் இதைச் சுவரொட்டிக்கு இழுத்துக்கொண்டது. தண்டை ஒடுக்கி, செரிஃபைக் கட்டையாக்கிய 'ஃபிரெஞ்சு கிளாரண்டன்' அப்படி வந்ததுதான். கௌபாய் படங்களில் தேடப்படும் குற்றவாளியின் தலைக்குமேல் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது கேலிச்சித்திரமாகவே தெரிகிறது.

நூறாண்டு கழித்து, 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் கிளாரண்டனின் பழைய நிதானத்தை மீட்டார். இரண்டே ஆண்டில் அமெரிக்காவில் ஃப்ரீமன் கிரா தம் வடிவத்தைக் கொடுத்தார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் மரப்பலகைகளில் குடைந்து வெட்டப்பட்டதும் கிளாரண்டனே. சோனியின் நான்கு எழுத்துகளிலும் அதன் சாயல் தெரியும்.

ஆனால் ஒரு கிளாரண்டன் நல்லதா என்று பார்க்கப் பலகையும் சுவரொட்டியும் வேண்டாம். எட்டு பாயின்ட்டில், மெல்லிய எழுத்து வரியின் நடுவே ஒரே ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள்.