மின்விளக்கும் இரத்தக் காட்டேரியும்

இரத்தக் காட்டேரியின் மேல் வெயில் பட்டால் அது எரிந்து சாம்பலாகும் என்பதைக் கதை படிப்போர் மறுக்கவொண்ணா விதியாக ஏற்றுக்கொண்டுவிட்டனர். ஆயினும், இவ்வகைக் கதைகளுக்கு மூலநூல்போல் மதிக்கப்படும் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் (1897) அப்படியொரு விதியே இல்லை. டிராகுலாப் பிரபு இலண்டனின் பிக்காடிலித் தெருவில் பட்டப்பகலில் நிற்கிறான். பகலில் அவன் ஆற்றல் ஒடுங்குகிறதேயன்றி உயிர் போவதில்லை. இறுதியில் அவனை முடிப்பவை, கதிரவன் மறையும் வேளையில் பாயும் இரண்டு கத்திகள். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னர் லெ ஃபானு படைத்த கார்மில்லாவும் பகலில் உலவியவளே. வெயில் கொல்லும் என்பது 1922-இல் முர்னோ எடுத்த 'நொஸ்ஃபெராட்டு' என்னும் ஊமைப்படம் நிலைநாட்டிய கருத்தாகும்.

வெயிலே கொல்லாத அந்நூலில் விளக்கு என்ன செய்கிறது? இக்கேள்வியையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். ஸ்டோக்கர் விளக்குகளை அறிந்தவர். தேம்ஸ் நதிக்கரையில் மின்விளக்குகள் ஏற்றப்பட்ட 1878-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அவர் ஹென்றி இர்விங்கின் லைசியம் நாடக அரங்கை நிருவகிக்க இலண்டன் வந்து சேர்ந்தார். மின்சாரம் வந்த பின்னும் இர்விங் தம் மேடைக்கு எரிவாயு விளக்கையே விரும்பினார். மேடை ஒளியமைப்பைப் பற்றி ஸ்டோக்கர் பிற்காலத்தில் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். எவ்வொளி எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று இரவுதோறும் கண்டுவந்தவரின் கை அது.

அவர் நூலில் விருந்தாளியை வாயிலில் வரவேற்கும் விளக்கு யார் கையில் இருக்கிறது? காட்டேரியின் கையில்! கண்ணாடிக் கூண்டில்லாத பழைய வெள்ளி விளக்கு. காற்றில் அதன் சுடர் அசைய, நிழல்கள் நீண்டு நடுங்குகின்றன. பின்னர் அதே மாளிகையில், விளக்கொளியில் சாய்ந்தபடி அவன் ஆங்கில நாட்டு இரயில் கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறான். வேட்டைக்குப் போகுமுன் ஊரின் போக்குவரவைப் படித்தறியும் இக்காட்டேரியைப் போல் நம்மை அச்சுறுத்துவது அந்நூலில் வேறொன்றுமில்லை.

நூலின் நடுப்பகுதியில் வரும் ஓர் இரவு இன்னும் ஆழமானது. கார்ஃபாக்ஸ் என்னும் பாழ்மனையைச் சோதிக்க ஆடவர் ஐவரும் புறப்படுகின்றனர். மார்பில் பொருத்திக்கொள்ளத்தக்க சிறு மின்விளக்குகளை வான் ஹெல்சிங் அவர்களுக்குத் தருகிறார். அக்காலத்தில் அது புத்தம்புதுக் கருவி. அவ்விளக்குகள் தூசியைக் காட்டுகின்றன, பெட்டிகளைக் காட்டுகின்றன, காட்டேரியையோ காட்டவில்லை. அவன் அவ்வேளையில் மினாவின் படுக்கையறையில் இருக்கிறான். கணவனின் வரவுக்காக அவள் தணித்து வைத்திருந்த எரிவாயு விளக்கு, அறையில் புகுந்த மூடுபனியினூடே ஒரு செம்பொறியாகத் தெரிந்து, பின் இரண்டாகப் பிளந்து, இரு சிவந்த கண்களாகிறது. காவலுக்கு வைத்த விளக்கே பகைவனின் கண்ணாய் மாறும் இவ்விடத்திற்கு ஈடான ஒன்றைப் பின்வந்தோர் எவரும் எழுதவில்லை என்பது நம் துணிபு. பெண்ணின் மனம் தாங்காது என்று அவளைத் தம் ஆலோசனையினின்றும் விலக்கித் தனியே விட்டவர்கள் அந்த ஐவரே. அறையில் ஒளிக்குக் குறைவில்லை, துணைக்குத்தான் குறைவு.

பின்வந்தோருள் ரிச்சர்ட் மாதிசன் ஒருவரே இவ்வுண்மையை நெருங்கியவர். 'ஐ ஆம் லெஜண்ட்' (1954) புதினத்தில் நெவில் தன் மின்னாக்கி தரும் வெளிச்சத்தில், அரண்செய்த வீட்டினுள் குடித்தபடி இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வெளியிருளில் பழைய அண்டை வீட்டான் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அவ்வெளிச்சம் அவனுக்குத் தனிமையை அன்றி வேறெதையும் தரவில்லை. பகலிலோ அவனே உறங்குவோரைத் தேடிக் கொல்பவன். உறங்குவோருக்கு வெயிலே அச்சத்தின் பொழுது என்பதை அவன் இறுதியில் உணர்கிறான். 2007-இல் வந்த திரைப்படமோ அவன் வீட்டைச் சுற்றிப் புறஊதா விளக்குகளை நிறுத்திவிட்டது. 1998-இல் வந்த 'பிளேடு' படத்திலும் அதே விளக்கு காட்டேரியைப் பொசுக்குகிறது. விசையைத் தட்டினால் தீமை கருகும்! படம் பார்ப்போருக்கு இது விறுவிறுப்பாக இருக்கலாம். ஆனால், நல்ல விளக்கு வாங்கத் தெரிந்தவன் வெல்வான் என்றான பிறகு, கதைமாந்தர் ஒருவரையொருவர் நம்புவதும் கைவிடுவதும் அங்கே எதற்கு?

இருளும் எளிதில் கிடைப்பதில்லை போலும். உலக மக்களில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் செயற்கை ஒளியால் மாசுற்ற வானின்கீழ் வாழ்கின்றனர் என்று 2016-இல் வெளியான ஒளி வரைபடம் காட்டிற்று. '30 டேஸ் ஆஃப் நைட்' (2002) என்னும் சித்திரக்கதை, நீண்ட இரவைத் தேடி அலாஸ்காவின் வடகோடியிலுள்ள பாரோ நகருக்கே போகவேண்டியதாயிற்று.

திரையுலகைக் குறைகூறிய நாம் ஒரு காட்சியை மட்டும் போற்றியாக வேண்டும். ஆன் ரைஸின் 1976-ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவி நீல் ஜோர்டன் இயக்கிய 'இன்டர்வியூ வித் த வாம்பயர்' (1994) படத்தில், நூறாண்டுக்கு மேலாக விடியலைக் காணாத லூயி ஒரு திரையரங்கினுள் நுழைகிறான். இருளில் அமர்ந்து, விளக்கு வீசும் கதிரில், திரையில் எழும் சூரியனைக் காண்கிறான். அவன் உடல் எரியவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.