அச்சுக்கோப்பும் மறைந்துநிற்கும் உழைப்பும்: டெபியனில் டெக் லைவ் பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத்தின் பொருளியல் அடித்தளம் பற்றிப் பேசும் எமது திறனாய்வு, ஆக்கியோனின் வர்க்க நிலையையும் வெளியீட்டு நிறுவனத்தின் நலன்களையும் ஆராய்ந்த அளவுக்கு அச்சுக்கோப்பு உழைப்பினை ஆராய்ந்ததில்லை. ஈயவெழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பாளரின் மைபடிந்த விரல்களையேனும் நாம் கண்டோம். கணினி வந்தபின் அவ்வுழைப்பே இல்லாதொழிந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் அது இடம் மாறியுள்ளது. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில், டெக் லைவ் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் தொகுதி பேணப்படும் முறையைக் கொண்டு இதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

டெக்கின் தோற்றமே உற்பத்திக் கருவிகளின் மாற்றத்தோடு பிணைந்தது. ஈயவெழுத்தில் அச்சாகிய தமது நூலொன்றின் மறுபதிப்பு 1977இல் ஒளியச்சுக்கோப்பில் வந்தபோது, அதன் தரக்குறைவு கண்டு டொனால்ட் நூத் இம்மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். 1990இல், இனித் தவறுகள் திருத்தப்படுமேயன்றிப் புதிய கூறுகள் சேர்க்கப்படா என அறிவித்தார். அதன் பதிப்பெண் பை என்னும் கணித மாறிலியை நோக்கி இலக்கம் இலக்கமாக நீள்கின்றது. தமது மறைவின் பின் அது பையாகவே நிலைபெற வேண்டும் என்பது அவர் விருப்பம். காலத்தால் மாறாத பாடம் என்னும் இலட்சியத்தின் வெளிப்பாடு இது.

எனினும், மாறாத கருவொன்று தனித்து இயங்குவதில்லை. அதனைச் சூழ்ந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட துணைத் தொகுப்புகளும் எழுத்துருக்களும் உள்ளன. இவற்றைத் திரட்டி 1996இல் முதன்முதல் வெளிவந்த டெக் லைவ், இப்பொழுது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. டெபியனின் பராமரிப்பாளர் இப்பெருந்தொகுதியைச் சில டசின் பொதிகளாகப் பகுக்கின்றனர். ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் ஆராய்ந்து, கட்டற்ற மென்பொருள் நெறிக்கு ஒவ்வாதவற்றை விலக்குகின்றனர். எழுத்துருப் பட்டியல்களும் கோப்புப் பட்டியல்களும் பயனரின் கணினியில் தாமாகவே புதுப்பிக்கப்பட வழிசெய்கின்றனர். டெபியனின் வேறு பல பொதிகள் தம் கையேடுகளை ஆக்க டெக்கினையே நம்பியுள்ளமையால், லாடெக்கில் நேரும் சிறு மாற்றமும் தொலைவிலுள்ள வேறொரு பொதியை முறித்துவிடக்கூடும். முறிந்தவற்றைத் தேடிச் சீர்செய்வதும் இவ்வுழைப்பின் பகுதியே. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, அவ்வாண்டு மார்ச்சில் வந்த புதிய டெக் லைவையன்றி 2024ஆம் ஆண்டினதையே கொண்டிருந்தது. இதனைப் பின்தங்கல் எனக் குறைகூறுவோர், நிலைப்பேறு என்பதும் உழைத்துப் பெறவேண்டிய ஒன்று என்பதை மறந்துவிடுகின்றனர்.

நிலைப்பேற்றுக்கும் சுதந்திரத்துக்குமிடையிலான இம்முரண்பாடு, 2002ஆம் ஆண்டளவில் லாடெக் உரிமம் பற்றி எழுந்த விவாதத்தில் கூர்மை பெற்றது. ஒரு கோப்பினைத் திருத்துவோர் அதன் பெயரையும் மாற்ற வேண்டும் என்றது பழைய உரிமம். ஒரே ஆவணம் எங்கும் ஒரே வடிவிற் பெறப்படவேண்டும் என்பதே அதன் நோக்கம். மூலபாடத் தூய்மையை நாடும் பதிப்பாசிரியரின் கவலைக்கு நிகரானது அது. பெயரைப் பேணியவாறே திருத்தும் உரிமை இல்லையெனில் சுதந்திரம் முழுமையன்று என டெபியன் தரப்பினர் வாதிட்டனர். நீண்ட உரையாடலின் பயனாக அமைந்த 1.3ஆம் பதிப்பு, திருத்தப்பட்டமையைப் பயனருக்குத் தெளிவாக அறிவித்தல் போதும் என வேறொரு வழியையும் திறந்தது. எத்தரப்பும் முற்றாக வெல்லாத இம்முடிவு ஓர் இயங்கியல் தீர்வு எனலாம்.

அவ்வுரிமத்தின் பிறிதொரு பகுதி எம் கவனத்தை இன்னும் வேண்டிநிற்கின்றது. பராமரிப்பாளரை ஆறு மாதம் தொடர்புகொள்ள இயலாது, பராமரிப்பு நடைபெறுவதற்கான வேறு அறிகுறியும் இல்லையெனில், ஆக்கம் பராமரிப்பற்றதாகக் கருதப்படும். பிறரொருவர் தம் எண்ணத்தைப் பகிரங்கமாக அறிவித்து மூன்று மாதம் காத்திருந்து அதனைப் பொறுப்பேற்கலாம். உழைப்பவர் களைப்புறுவர், விலகுவர், மறைவர் என்பதை ஒப்புக்கொள்ளும் சட்டவாசகம் இது. அத்தகைய விலகல் ஏற்கெனவே தூரமாயிருக்கவில்லை என்பதையும் வரலாறு காட்டிற்று. டெக் லைவுக்கு முன் லினக்ஸ் வழங்கல்கள் பலவும் தாமஸ் எஸ்ஸர் பேணிய டெடெக் தொகுதியையே நம்பியிருந்தன. 2006 மேயில் அவர் அப்பணியை நிறுத்துவதாக அறிவித்தபோது, அவ்வழங்கல்கள் டெக் லைவை நாட வேண்டியதாயிற்று. தனியொருவரின் தோளில் எத்துணைப் பெரும் அறிவுலகச் சுமை இருந்தது என்பது அன்றே பலருக்குப் புலனாயிற்று.

இதனை அன்பளிப்புப் பொருளாதாரம் எனப் போற்றும் தாராளவாதிகளின் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. இங்கு விளைபொருள் பண்டமாக்கப்படவில்லை. பயன்மதிப்பே முதன்மை பெறுகின்றது. ஆயினும் விளைபொருள் பொதுவுடைமையாதல், உழைப்பவர் விடுதலையடைதல் ஆகிய இரண்டும் ஒன்றல்ல. ஆய்விதழ்களைப் பெருவிலைக்கு விற்கும் வெளியீட்டு நிறுவனங்கள், ஆய்வாளர் லாடெக்கில் அமைத்தனுப்பும் படிகளைப் பெற்று இலாபம் ஈட்டுகின்றன. அவ்விலாபத்தில் பொதி கட்டுவோருக்குப் பங்கில்லை. ஓய்வுநேரத்தில் ஊதியமின்றி உழைப்போரின் உழைப்பை மூலதனம் இயற்கை வளத்தைப்போல் எடுத்தாள்கின்றது. அடுத்த பராமரிப்பாளர் யார் என்பதற்கு உரிமம் விடை கூறுகின்றது. அவர் வாழ்வுக்கு வழி யாது என்பதற்கு அதனிடம் விடையில்லை.

இது பிறர் விவகாரம் என நாம் ஒதுங்க முடியாது. தமிழ்ச் சொற்களை வரியிறுதியில் எங்கே பிரிக்கலாம் எனக் கூறும் விதிகளும் டெக் லைவினுள் உள்ளன. தமிழ் ஆய்வேடொன்றின் பக்கம் செவ்விதாக அமைவதற்கு, தமிழறியாத ஒருவர் எங்கோ இருந்து ஆற்றும் பராமரிப்பும் காரணமாகலாம். பல்கலைக்கழகங்கள் கட்டுரையை உழைப்பெனக் கணித்துப் பதவியுயர்வு தருகின்றன. அக்கட்டுரையை அச்சேற்றும் கருவியைப் பேணுவதையும் அவ்வாறே கணித்தல் வேண்டும். எமது மாணவர் பயனராக மட்டுமன்றிப் பராமரிப்பாளராகவும் அவ்வுழைப்பிற் பங்குகொள்ளல் வேண்டும். மறைந்துநிற்கும் உழைப்பைப் புலப்படுத்துவது முற்போக்குத் திறனாய்வின் கடனெனின், அப்பணியை நாம் நாளும் வாசிக்கும் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.